குறுக்கே வந்தவன்

1

எங்க நைனாவின் சாவைப் பற்றி அரசாங்கத்திடம் இருக்கும் எழுத்து ஒரே ஒரு வாக்கியம்தான். 'மேற்படி நபர் சைக்கிளில் திடீரென்று குறுக்கே வந்ததால்' என்று தொடங்கி, லாரியில் அடிபட்டு இறந்துபோனார் என்று அது முடிகிறது. 2004ஆம் வருசம் தை மாசம். சாயங்காலம் ஏழு மணி இருக்கும். கரும்பு வெட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். நான் அப்போது பத்தாம் வகுப்பு.

முதல் தகவல் அறிக்கையின் நகல் எங்கள் கைக்கு வர இரண்டு மாசம் ஆனது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "இன்னா எழுதியிருக்கான், படி" என்றாள். படித்தேன். "குறுக்க வந்தாரா? அந்த மனுசன் ஓரமா போறதுக்கே பயப்படுவாரே" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காலனி முனையில் பஞ்சர் ஒட்டுகிற எங்க மாமாதான் அந்தச் சைக்கிளை ஸ்டேஷனிலிருந்து எடுத்து வந்தவர். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் சைக்கிளைப் படிக்கத் தெரிந்தவர். வண்டியைக் கவிழ்த்து வைத்து முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது சத்தமில்லாமல் சுற்றியது. "டேய், பாரு. முன்வீலுல ஒரு கோட்டம் இல்ல. பின்வீலு எட்டு மாதிரி வளைஞ்சி கெடக்குது. கேரியரு முன்னாடி நசுங்கி சீட்டோட ஒட்டிக்கினு இருக்குது. குறுக்க வந்தவனுக்கு பக்கவாட்டுலதான அடி வுழும்? இது நேரா முதுகுல வாங்குன அடிடா."

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இரண்டு ஆவணங்கள் இருக்கின்றன என்பதுதான். ஒன்று காவல் நிலையம் எழுதியது. இன்னொன்று லாரி, இரும்பின்மேல் எழுதியது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொய் சொல்லுகின்றன. நீதிமன்றம் முதலாவதை மட்டும் வாசித்தது. பிறகு தமிழ் எம்.ஏ. படித்தேன். கல்வெட்டு, செப்பேடு, ஓலை என்று எதையெதையோ ஆதாரம் என்று பாடம் நடத்தினார்கள். வளைந்த ரிம் ஒரு வரலாற்று ஆதாரம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. இந்தக் கட்டுரை அந்த ரிம்மை வாசிக்கும் முயற்சி.

2

சைக்கிளுக்கும் மோட்டாருக்கும் நடக்கும் மோதலைப் பற்றிப் பேசுமுன், சைக்கிளுக்கும் நமக்குமான வரலாற்றைப் பேச வேண்டியிருக்கிறது. சாலை எல்லோருக்கும் பொது என்ற பேச்சே நம் விசயத்தில் போராடிப் பெற்றது. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டி ஏறிப் பொதுச்சாலையில் போனது ஒரு போர். சென்னை சட்டசபையில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் நடக்கத் தடையில்லை என்பதை அரசாங்கத்தின் வாயால் சொல்ல வைத்தது. நடப்பதற்கே தீர்மானம் வேண்டியிருந்தது என்றால், உட்கார்ந்து போவதற்கு?

ஊர்த்தெரு வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கு, உருட்டிக்கொண்டு போ, தெரு முடிந்ததும் ஏறு என்பது தமிழகத்தின் எத்தனையோ கிராமங்களில் எழுதாத சட்டம். எங்க தாத்தா தலைமுறையில் எங்கள் ஊரிலும் அதுதான். தாத்தா சொல்வார்: "சைக்கிள் ஓட்டக் கத்துக்கறதுக்கு முன்னாடி சைக்கிளவுட்டு எறங்கக் கத்துக்கணும்டா." சிரித்துக்கொண்டேதான் சொல்வார். இது ஏதோ பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தியபோது, தலித்துகள் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறிப் போவதைத் தடுப்பது குற்றம் என்று தனியாக எழுத வேண்டியிருந்தது. 2016 ஜனவரியில்தான் அது நடைமுறைக்கு வந்தது. சந்திரனுக்குக் கலம் அனுப்பி ஏழு வருசம் ஆன ஒரு நாடு, சைக்கிளில் ஏற விடு என்று சட்டம் போட்டது.

அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை வந்தது. அதற்கு முன்பு சீமையிலிருந்து இறங்கிய ராலேவும் ஹம்பரும் பண்ணையார் வீட்டுத் திண்ணையில் நின்றன. நம் தெருவுக்குச் சைக்கிள் வந்தது பெரும்பாலும் மூன்றாவது கை, நான்காவது கையாகத்தான். இந்த இடத்தில் ஒரு தொழில்நுட்பச் செய்தி இருக்கிறது. மூன்றாவது கைக்கு வரும் சைக்கிளில் பெல் இருக்காது. டைனமோ கழற்றி விற்கப்பட்டிருக்கும். பின் மட்காடில் இருக்க வேண்டிய சிவப்புக் கண்ணாடி உடைந்திருக்கும். பிரேக் கட்டை தேய்ந்திருக்கும். வாங்கியவன் முதலில் டயரைத்தான் மாற்றுவான், விளக்கை இல்லை. டயர் இல்லாவிட்டால் வேலைக்குப் போக முடியாது. விளக்கு இல்லாவிட்டால் போகலாம். ஒருநாள் திரும்பி வராமல் போகலாம், அவ்வளவுதான்.

3

விபத்துக்குக் காரணம் எழுதும்போது எதை எழுதுகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பதற்கு அம்பேத்கரின் வாழ்க்கையிலேயே ஒரு சான்று இருக்கிறது. அது சைக்கிள் இல்லை, குதிரை வண்டி. ஆனாலும் நமக்கு அதில் பாடம் உண்டு. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற பெயரில் 1990இல் நூலாக வந்த அவருடைய நினைவுக் குறிப்புகளில் இது பதிவாகியிருக்கிறது.

1929. தீண்டப்படாதாரின் குறைகளை விசாரிக்கப் பம்பாய் அரசு அமைத்த குழுவில் அம்பேத்கர் ஓர் உறுப்பினர். துலேயிலிருந்து திரும்பும் வழியில் சாளிஸ்காவ் நிலையத்தில் இறங்குகிறார். மகர்வாடா மக்கள் தங்கிப் போகச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நடந்தே போய்விடக்கூடிய தூரம்தான். ஆனால் விருந்தாளியை நடக்கவைக்க அவர்களுக்கு மனசில்லை. டோங்கா வண்டிக்காரர்களோ தீண்டப்படாதவரை ஏற்றி ஓட்டுவது தங்களுக்கு இழிவு என்று மறுக்கிறார்கள். ஒரு மணிநேரம் கழித்து ஒரு சமரசம்: வண்டி வாடகைக்குக் கிடைக்கும், வண்டிக்காரன் ஓட்ட மாட்டான். வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத மகர்வாடா ஆள் ஒருவர் கடிவாளத்தைப் பிடிக்கிறார். இருநூறு தப்படி போவதற்குள் ஒரு மோட்டார் காரோடு மோதப் பார்க்கிறது. போலீஸ்காரர் போட்ட கூச்சலில் கார்காரர் காரைப் பின்னால் எடுத்ததால் தப்பினார்கள். அடுத்து ஆற்றுப் பாலத்தில் சக்கரம் ஓரக் கல்லில் மோதியது. அம்பேத்கர் கல் தரையில் தூக்கி எறியப்பட்டார். குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. அவர் கால் முறிந்தது.

இதற்கு ஒரு முதல் தகவல் அறிக்கை எழுதினால் காரணம் என்ன? 'ஓட்டியவரின் அனுபவமின்மை.' அது பொய்யில்லை. ஆனால் அனுபவமில்லாதவன் கையில் கடிவாளம் ஏன் போனது என்று கேட்டால் அங்கே சாதி நிற்கிறது. விபத்தின் காரணத்தை ஒரு படி பின்னால் போய்க் கேட்க வேண்டும். அம்பேத்கர் நமக்குக் காட்டிய முறை அதுதான்.

4

அந்த முறையிலேயே கேட்டுப் பார்க்கலாம். சைக்கிளும் மோட்டாரும் எப்படியெல்லாம் மோதுகின்றன? நான் வருசக்கணக்காகக் காலனிகளில் போய் உட்கார்ந்து கேட்டதையும், படித்துத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலாவது, பின்னாலிருந்து இடிப்பது. அமெரிக்காவில் கென்னத் கிராஸ், கேரி ஃபிஷர் என்ற இருவர் செய்து 1977இல் வெளியிட்ட ஆய்வு இந்த மோதல்களை வகைவகையாகப் பிரித்துப் பார்த்தது. எண்ணிக்கையில் அதிகம் நடப்பவை முச்சந்தியிலும் திருப்பத்திலும் நடப்பவைதான். ஆனால் ஆளைக் கொல்வதில் பின்னாலிருந்து வந்து இடிப்பது முன்னால் நிற்கிறது. அதுவும் ஊருக்கு வெளியே, இருட்டில். கணக்கு எளிதானது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடுகிறது. எதிர்வண்டிக்காக விளக்கைத் தாழ்த்தினால், கறுத்த உடம்பில் அழுக்குச் சட்டை போட்டுப் போகிறவன் நாற்பது மீட்டர் தூரத்தில்தான் கண்ணுக்கே படுவான். கண்டு, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி. அதற்குள் லாரி 33 மீட்டர் தாண்டிவிடும். மீதி ஏழு மீட்டரில் எந்த லாரியும் நிற்காது. எதிரில் வரும் பஸ்காரன் முழு வெளிச்சம் அடித்தால் அந்த நாற்பது மீட்டரும் இல்லை.

டைனமோ இருந்தாலும் அது முன்னால்தான் எரியும். பின்னால் ஒன்றும் எரியாது. சைக்கிள் நின்றால் முன்விளக்கும் அணைந்துவிடும். ஆக, உயிரைக் காப்பாற்ற வேண்டியது பின்னால் ஒட்டிய ஒரு சிவப்புக் கண்ணாடித் துண்டும் மட்காடின் வெள்ளைப் பூச்சும். அதன் மேலும் கரும்புச் சோகைக் கட்டு தொங்கும்.

இரண்டாவது, வலப்பக்கம் திரும்புவது. சட்டம் சைக்கிளை இடது ஓரத்தில் போகச் சொல்கிறது. காலனிக்குப் போகும் மண்பாதை வலது பக்கம் இருந்தால்? ஓடுகிற வண்டிகளின் நடுவே சாலையின் முழு அகலத்தையும் தாண்ட வேண்டும். சைக்கிளில் கண்ணாடி இல்லை. தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். கேரியரில் புல்லுக்கட்டு இருந்தால் தலையைத் திருப்பினாலும் புல்தான் தெரியும். கையைக் காட்டலாம் என்றால் ஒரு கை கட்டைப் பிடித்திருக்கிறது. எங்க பெரியப்பா இப்படித்தான் வேனில் அடிபட்டு இடுப்பு ஒடிந்தார். அறிக்கையில் அவரும் 'குறுக்கே வந்தவர்'தான். இந்த முறை அது உண்மை. ஆனால் ஒரு படி பின்னால் போவோம். ஏன் அவர் குறுக்கே வர வேண்டியிருந்தது? ஊர் சாலைக்கு ஒரு பக்கம், சேரி மறுபக்கம். ஊரை விட்டுத் தள்ளி வை என்று சொன்னவர்கள் ஒரு காலத்தில் வைத்த இடம் அது. பள்ளிக்கூடம், ரேசன் கடை, பஸ் நிறுத்தம், வேலைசெய்யும் நிலம் எல்லாம் ஊர்ப் பக்கம். நடுவில் போன வண்டிப்பாதை தார் ரோடானது. தார் ரோடு நெடுஞ்சாலையானது. எல்லா ஊரிலும் இப்படி இல்லைதான். இப்படி இருக்கிற ஊரில், ஒரு நாளைக்கு நான்கு முறை சாலையைத் தாண்டுகிறவர்கள் யார் என்று கேட்க வேண்டியதில்லை.

மூன்றாவது, லாரி இடப்பக்கம் திரும்புவது. இது நகரத்துச் சாவு. நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். இடது ஓரத்தில் பக்கத்தில் நிற்கும் சைக்கிள்காரனை உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்குத் தெரியாது. விடியற்காலம் நான்கு மணிக்குத் துப்புரவு வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்களும் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் இந்த மூலையில்தான் மாட்டுகிறார்கள்.

நான்காவது, தாரின் விளிம்பு. மேல்மேலே தார் போட்டுப் போட்டு ரோடு ஒரு சாண் உயர்ந்திருக்கும். பக்கத்து மண் அரித்துப் போயிருக்கும். பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் இறங்கவும் முடியாது, இருக்கவும் முடியாது. இறங்கினால் சக்கரம் விளிம்பில் உரசி ஆள் வலது பக்கம், அதாவது பஸ் பக்கம்தான், விழுவான். அறுப்புக் காலத்தில் அந்த ஓரத்திலும் நெல் காயும். காய்வது யாருடைய நெல்? அதன்மேல் சக்கரம் ஏற்றிவிட்டுக் காலனிக்காரன் வீடு போய்ச் சேர முடியுமா?

ஐந்தாவது, மழை. கம்பி இழுத்துப் பிடிக்கும் பழைய பிரேக்கில், நனைந்த இரும்பு ரிம்மை ரப்பர் கட்டை பிடிக்காது, வழுக்கும். இதோடு நகரத்தில் நிற்கும் காரின் கதவைச் சட்டென்று திறப்பது, கள்ளோ சாராயமோ குடித்துவிட்டு ஓட்டுவது என்று இன்னும் உண்டு. இரண்டு பக்கமும் குடிக்கிறார்கள். மறைக்கவில்லை. ஆனால் குடித்த சைக்கிள்காரன் சாகடிப்பது தன்னை மட்டும்தான்.

டிரைவர்கள் எல்லோரும் எமன்கள் என்று நான் எழுதவில்லை. லாரி ஓட்டுகிற கையிலும் நம் கைகள் உண்டு. நைனாவை இடித்த லாரியின் கிளீனர் பையன் பக்கத்து ஒன்றியத்துக் காலனிக்காரன் என்று பின்னால் தெரிந்தது. ராத்திரி முழுக்க ஓட்டி, இத்தனை மணிக்குள் லோடு இறக்கினால்தான் கூலி என்று வைத்திருக்கும் முதலாளியின் பெயர் எந்த அறிக்கையிலும் குற்றவாளியாக வருவதில்லை.

5

குற்றத்தைச் சைக்கிள்காரன் தலையில் கட்டும் பழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. தொடக்கத்தில் அப்படி இல்லை. 1896 மே மாதம் நியூயார்க்கில் ஹென்றி வெல்ஸ் என்பவர் ஓட்டிய மோட்டார் வண்டி, சைக்கிளில் போன எவலின் தாமஸ் என்ற பெண்ணை இடித்தது. அந்தப் பெண்ணுக்குக் கால் முறிந்தது. அமெரிக்காவின் முதல் மோட்டார் விபத்து என்று சொல்லப்படுவது இது. வெல்ஸைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். புதிதாக வந்த இயந்திரம்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அன்றைய நியாயம்.

மோட்டார் வைத்திருப்பவர்கள் பெருகப் பெருக நியாயம் இடம் மாறியது. பிரிட்டனில் 1920களிலும் 30களிலும் சைக்கிள்காரர்கள் ஒரு வாதம் செய்தார்கள்: முன்னால் போகிறவனை இடிக்காமல் வருவது பின்னால் வருகிறவனின் கடமை, சைக்கிளின் பின்னால் விளக்கை வைத்துவிட்டால், தெரியவில்லை என்ற சாக்கு அவனுக்குக் கிடைத்துவிடும். அந்த வாதம் தோற்றது. சிவப்புப் பிரதிபலிப்பான் வந்தது. 1930களில் பின் மட்காடுக்கு வெள்ளைப் பூச்சு வந்தது. போர்க்கால இருட்டடிப்பில் பின்விளக்கு கட்டாயமானது. நம் நாட்டுச் சைக்கிளின் மட்காடு நுனியிலும் அந்த வெள்ளை உண்டு. விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். விளக்கு உயிர் காக்கும். ஆனால் அவர்கள் பயந்தது நடந்தது. நைனாவின் வழக்கில் 'விளக்கில்லாமல் வந்தார்' என்று இன்சூரன்ஸ் வக்கீல் கேட்டார். லாரி எந்த வேகத்தில் வந்தது என்பதை அவர் கேட்கவில்லை, எங்கள் வக்கீலும் கேட்கவில்லை.

காவல் நிலைய எழுத்தில் இரண்டு வாய்ப்பாடுகள் இருக்கின்றன. 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்பது ஒன்று, 'திடீரென்று குறுக்கே வந்ததால்' என்பது மற்றொன்று. எந்த வாய்ப்பாடு எழுதப்படுகிறது என்பது அன்றிரவு ஸ்டேஷனுக்கு யார் முதலில் போனார்கள், யாருக்கு நாற்காலி போட்டார்கள் என்பதைப் பொறுத்தது. எங்கள் பக்கம் எல்லோரும் ஆஸ்பத்திரியில் பிணத்துக்குப் பக்கத்தில் இருந்தார்கள். லாரிக்காரர் பக்கம் ஸ்டேஷனில் இருந்தார்கள். பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து லாரியின் பிரேக்கைச் சோதித்தார். சைக்கிளை யாரும் சோதிக்கவில்லை. பார்வை மகஜரில் அதைப் பற்றி இருந்தது நான்கு சொல்: 'சேதமடைந்த பழைய சைக்கிள் ஒன்று.'

அந்த நான்கு சொல்லுக்கு விலை உண்டு. தீர்ப்பாயத்தில் பாதித் தப்பு நைனாவுடையது என்று வைத்து நட்டஈட்டில் பாதியைக் கழித்தார்கள். மீதிப் பாதியும் கூலிக்குச் சீட்டு இல்லை, வருமானத்துக்கு ஆதாரம் இல்லை என்று தேய்ந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994இல் சேர்த்த அட்டவணை, வருமானமில்லாதவருக்கு வருசம் 15,000 ரூபாய் என்று மதிப்பு வைத்திருந்தது. இடித்துவிட்டு ஓடிப்போன வண்டி கிடைக்காவிட்டால், செத்தவன் குடும்பத்துக்கு 25,000 ரூபாய் என்பதும் 1994இல் வைத்த தொகை. 2022 ஏப்ரலில்தான் அது இரண்டு லட்சமானது. இருபத்தெட்டு வருசம் அரிசி விலை ஏறியது, தங்கம் விலை ஏறியது, உயிரின் விலை அசையவில்லை.

6

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்ததை நினைக்காமல் இதை எழுத முடியாது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரியில் உடைத்த பெண்கள், கூலிப் பெண்கள் ஆயிரமாயிரமாகச் சைக்கிள் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆம்பளை வண்டியையே வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்றார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர முடிந்த அந்த விடுதலையைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

2001இல் தமிழக அரசு பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் தலித், பழங்குடி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு எல்லாச் சாதி மாணவர்களுக்கும் அது விரிந்தது. என் தங்கச்சி அதில் ஒரு வண்டி வாங்கினாள். அதில்தான் படிப்பை முடித்தாள். நைனா செத்த அதே சாலையில், நான்கு வருசம் கழித்து. அவள் போன ஒவ்வொரு நாளும் அம்மா காலனி முனையில் போய் நின்றுகொண்டிருந்தாள். சைக்கிள் கொடுத்தார்கள், சைக்கிள் போக வழி கொடுக்கவில்லை.

கொடுத்தது நாற்கரச் சாலை. நடுவில் தடுப்பு. முன்பு நேராகத் தாண்டிய இடத்தில் இப்போது தாண்ட முடியாது. திரும்பும் இடைவெளி ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். காரில் போகிறவனுக்கு அது ஒரு நிமிசம். பெடல் மிதிப்பவனுக்கு வெயிலில் கால்மணி நேரம். அதனால் ஓரமாக எதிர்த்திசையில் வருகிறார்கள். மோதினால் 'தவறான திசையில் வந்ததால்' என்று மூன்றாவது வாய்ப்பாடு தயார். சாலையை வரைந்தவன் மேசையில் எங்கள் மண்பாதை இல்லை. அது தவறான திசை இல்லை, எங்கள் வீட்டுத் திசை.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. பத்தில் ஏழு சாவுக்கு அதிவேகம் காரணம் என்றும் அதுவே சொல்கிறது. சைக்கிளில் போனவர்கள் நான்காயிரத்துக்கும் மேல். எந்த வண்டி, எந்த வயசு, எந்தச் சாலை என்று கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். எந்தச் சாதி என்று ஒரு கட்டம் இல்லை. பள்ளியில் சேர்த்தால் கேட்கிறார்கள், ரோட்டில் செத்தால் மட்டும் கேட்பதில்லை.

7

மாற்ற முடியாதா என்றால், முடிந்திருக்கிறது. நெதர்லாந்தில் 1971இல் சாலையில் செத்தவர்கள் ஏறக்குறைய 3,300 பேர், அதில் நானூறுக்கும் மேல் குழந்தைகள். சைக்கிளில் பள்ளிக்குப் போன தன் மகளைப் பறிகொடுத்த விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர், இது விபத்து இல்லை, குழந்தைக் கொலை என்று எழுதினார். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். குறுக்கே வராதே என்று குழந்தைகளைத் திட்டுவதை விட்டுவிட்டு, சாலையை மாற்று என்றார்கள். அதன் பிறகுதான் சைக்கிளுக்குத் தனிப்பாதைகள் அந்த நாட்டில் வலையாக விரிந்தன. பெயரை மாற்றினார்கள், பிறகு சாலையை மாற்றினார்கள். வெள்ளைக்கார நாட்டுப் பெற்றோரின் குரல் கேட்கப்பட்டது, காலனிக்காரன் குரல் கேட்கப்படுமா என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் நாம் சிறியதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

காலனிதோறும் ஒரு நோட்டு வைப்போம். யார் அடிபட்டார்கள், எந்த இடம், என்ன நேரம், எந்தப் பக்கமிருந்து அடி என்று எழுதுவோம். ஐந்து வருச நோட்டு ஒன்று கையில் இருந்தால், தடுப்பில் திறப்பு வை, அடிப்பாதை போடு, வேகத்தடை போடு என்று கலெக்டர் மேசையில் கேட்கலாம். அடிபட்ட சைக்கிளைக் கழுவாமல், நிமிர்த்தாமல் படம் எடுப்போம். செத்தவரோடு பாதிப்பேர், ஸ்டேஷனுக்குப் பாதிப்பேர் என்று பிரிந்து போவோம். கூட்டம் முடிந்து போகும்போது ஆளுக்கு ஒரு சிவப்பு ஒட்டுத்தாளைக் கொடுத்து மட்காடில் ஒட்டச் சொல்வோம். இருபது ரூபாய்க்கு மேல் ஆகாது.

போன ஆடி மாசம் பக்கத்துக் காலனியில் கொத்தனார் வேலைக்குப் போகும் ஒருவரைக் கார் இடித்துக் கால் போனது. ராத்திரியே எட்டுப் பேர் ஸ்டேஷனுக்குப் போனோம். மாமாவுக்கு இப்போது எழுபது வயசு. அவரையும் கூட்டிப் போனேன். 'குறுக்கே வந்ததால்' என்று எழுதத் தொடங்கிய ஏட்டய்யாவிடம், "சார், வீலப் பாத்துட்டு எழுதுங்க" என்றார் மாமா. "சைக்கிளையா பாக்கணும்?" என்று கேட்டார் அவர். ஆமாம் என்றோம், எட்டுப் பேரும். டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். மாமா குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். முன்வீல், பின்வீல், கேரியர், மட்காடு. மகஜரில் அன்றைக்கு அந்தச் சைக்கிளுக்குப் பதினொரு வரி எழுதினார்கள். நான் எண்ணினேன்.